ஒரே பாலமுள்ள துறைமுகம்

12.2.96 திங்கள். டோர்ட்மண்ட்.
ஈரப்பனி. வழுக்காமலிருக்க வாசல் நடைபாதைக்கு உப்புப் போட வேண்டும், இந்தக் கிழமை எங்கள் முறை. மகள் சுகந்தி வேலைக்கு ஓடும் அவசரத்தில் ஒரு கடிதம் தந்தாள். "அப்பா, இதைத் தபாலிலை போட்டுவிடுங்கோ. வாற திங்களுக்குள்ளை சேரவேணும்." அயர்லாந்தில் தாதி வேலைக்குச் சம்மதக் கடிதம். ஆசுபத்திரி கோர்க் நகரில். அறை பார்த்திருப்பது பக்கத்தில், கோவ் என்ற துறைமுக ஊரில்.

13.2. செவ்வாய்.
நூலகம். கோவ் பற்றி ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம். முப்பது வருடம் பூமிசாஸ்திரம் படிப்பித்த பழக்கம் விடாது.
– முதலில் சில மீன்பிடி வீடுகள். ஆழமான, காற்று அடிக்காத துறை.
– பிரித்தானியாவுக்குப் பிரான்சோடு சண்டை. போர்க்கப்பல்கள் வந்து நிற்க ஊர் பெருத்தது. (சண்டையால் பெருத்த ஊர்! எங்கள் ஊருக்கு மறுவளம், சண்டையால் வெறிச்சோடியது.)
– மேட்டில் அடுக்கடுக்காய் வீடுகள். வகுப்புப் படத்துக்குப் பிள்ளைகளை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தியதுபோல.
– பஞ்சம். சனம் சனமாய் இங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல்.
– மகாராணி வந்துபோனதும் ஊருக்கு அவ பெயர். சுதந்திரத்தின் பின் பழைய பெயரே.
– எதிர்த் தீவில் கோட்டை, சிறை.
பிறகு புத்தகத்திலிருந்த தேசப்படத்தை விரித்தேன். ஊரே ஒரு தீவில். வெளியே வர ஒரே பாலம்.
கடிதம் இன்னும் கோட்டுப் பையில்.

14.2. புதன்.
மழை. தபால்பெட்டி வரை போய்த் திரும்பினேன். வீட்டில் மனுசி: "என்ன, கால் நோகுதோ?" "ஓம்." பொய்.
நாங்கள் எங்கள் தீவை, ஊர்காவற்றுறையை விட்டு வெளிக்கிட்டபோது ஆமிக்காரர் பாலத்தை மறித்திருந்தார்கள். இரண்டு பகல் வெயிலில் நின்றோம். சுகந்திக்குப் பதினொரு வயது.

15.2. வியாழன்.
சாப்பிடும்போது சுகந்தி கேட்டாள். "கடிதம் போட்டாச்சுத்தானே?"
"ஓம்." இரண்டாவது பொய். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "பிள்ளை, அங்கை ஒரே பாலம்."
சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
"உங்கடை படம் பழசப்பா. ரயில் பாலமும் இருக்கு. கார் ஏத்துற படகும் ஓடுது. வெளியிலை வாற வழியளை நானும் எண்ணிப் பாத்துட்டுத்தான் ஓம் எண்டனான்."
மனுசி: "அப்பனும் மகளும்! அங்கை கறிவேப்பிலை கிடைக்குமோ எண்டு ஆராவது பாத்தியளோ?"
பிறகு என்ன சாப்பிட்டேன், நினைவில்லை.

16.2. வெள்ளி.
கடும் குளிர். தபாலகம் திறக்கமுன் வாசலில். விரைவுத் தபால். திங்களுக்குப் போய்ச் சேருமோ? "இருக்கலாம்" என்றாள் உள்ளே இருந்த பெண். இருக்கலாம்!
உப்புப் போட்டேன். தேவைக்கு மேலே.
சுகந்திக்குச் சொல்லவேண்டியது: தந்தது திங்கள், போட்டது இன்று. வேறு விளக்கம் வேண்டாம்.
கதவில் திறப்புச் சத்தம். வந்துவிட்டாள்.