பொட்டு வைத்த ஜாக்கி

செப்ரெம்பர் 14

இரண்டு பள்ளிக்கூடச் சட்டை தைத்து முடித்தேன். மூன்றாவதற்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது கார் விழுந்தது.

இவர் காலையிலேயே அதை முற்றத்தில் தூக்கி, பின் சில்லைக் கழற்றியிருந்தார். காரோடு வந்த சின்ன ஜாக்கி ஒரு பக்கம். வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி மிஞ்சின சீமெந்துக் கல் இரண்டு மற்றப் பக்கம். அதற்குக் கீழே மல்லாந்து கிடந்து பாட்டு வேறு. காருக்குக் கீழே போனால் இவருக்குப் பாட்டு வந்துவிடும். பழைய படப்பாட்டு, சொல்லில் பாதி தன்னுடையது. கேட்க முடியாது.

தேத்தண்ணி போட்டுக் கூப்பிட்டேன். வெளியே வந்தார், கையைத் துடைத்தார், விராந்தையில் குந்தி ஒரு மிடறு குடித்தார். ஜாக்கி மண்ணுக்குள் சரிந்தது. கல் இரண்டும் பிஸ்கட் மாதிரி நொறுங்கின. கார் கீழே குந்தியது.

காரைப் பார்த்துவிட்டு, "சரியான நேரத்துக்குத்தான் தேத்தண்ணி போட்டிருக்கிறீர்" என்றார்.

தேத்தண்ணி பிந்தியிருந்தால்? சீனி முடிஞ்சு நான் கடைக்குப் போயிருந்தால்? சீனி போத்தலின்ர அடியிலதானே கிடந்தது — கடவுளே.

மூன்றாவது சட்டைத் துணியை மடித்து வைத்துவிட்டேன்.

செப்ரெம்பர் 16

இவர் வேறு இரண்டு கல் தூக்கி வந்து முற்றத்தில் வைத்திருக்கிறார். முந்தினவை வெடித்த கல்லாம். இவை நல்ல கல்லாம்.

கண்டாவளையில் வீட்டுத்திட்டம் வந்த எந்த வளவிலும் இந்தக் கல் மிஞ்சிக் கிடக்கும். வீணாக்க யாருக்கும் மனம் வராது. எங்கள் தண்ணீர்த் தாங்கி அதன்மேல். கோழிக்கூடு அதன்மேல். மாமி கதிரையில் இருந்தால் கால் வைப்பது அதன்மேல். ஆகவே காரும் அதன்மேல். நடுவில் இரண்டு ஓட்டை உள்ள கல்!

மத்தியானம் நல்ல கல் ஒன்றை அம்மிக் குழவியால் தட்டிப் பார்த்தேன். பலமாகக்கூட இல்லை. தேங்காய் உடைக்கிற அளவுக்குத்தான். இரண்டாய்ப் போனது. தேங்காய் இதைவிடத் திறம்.

மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா. "பிள்ளை, ஏன் கல்லை உடைக்கிறாய்?"

உங்கட மகன்ர மண்டைக்குப் பதிலா, என்று வாயில் வந்தது. "சும்மா மாமி" என்றேன். மாமி நல்ல மனுசி. ஆனால் கல்லைப் பற்றி அவாவோடு கதைக்க ஏலாது. வீடு கட்டினபோது ஒவ்வொரு கல்லுக்கும் வாளியால் தண்ணீர் ஊற்றி நனைத்தது அவாதான். பெத்த பிள்ளைக்குக்கூட அவ்வளவு வார்த்திருக்க மாட்டா.

செப்ரெம்பர் 17

தையல் மெஷின் ஓடினால் முற்றத்துச் சத்தம் கேட்காது. ஆகவே இன்று மெஷின் ஓடவில்லை.

செப்ரெம்பர் 19

நல்ல ஜாக்கி வாங்க வேண்டும் என்றேன். "உமக்கென்ன விசரே? கணபதி அண்ணையிட்டை இருக்குது" என்று பக்கத்து வளவுக்குப் போய்விட்டார்.

கணபதி அண்ணை உழவு இயந்திரத்துக்கு வைத்திருக்கும் போத்தல் ஜாக்கியைத் தானே சுமந்து வந்தார். "இது யானையையும் தூக்கும் தங்கச்சி" என்றார்.

யானையைத் தூக்கும். எங்கள் காருக்குக் கீழே போகாது. நான் தையல் ரேப்பால் அளந்தேன். காரின் அடியைவிட ஜாக்கி நாலு விரல் உயரம்.

இவர் யோசித்தார். "முதலில காரைக் கொஞ்சம் தூக்கிப்போட்டு இதை வைக்கலாம்."

"எதாலை தூக்கி?"

"காரின்ர ஜாக்கியாலை."

கணபதி அண்ணை ஜாக்கியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த மனிசனுக்கு நாரி நோ, இடுப்பு நிமிராது.

செப்ரெம்பர் 23

கிளிநொச்சிக்குப் போனோம். ரேப்பையும் கொண்டு போனேன்.

கேள்வி கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது இவருக்கு. காரின் பாரம் எவ்வளவு, ஜாக்கி எவ்வளவுக்குப் பதிந்து போகும், எவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் — எல்லாம் நான்தான். நான் ரேப்பை எடுத்து ஜாக்கியில் பிடித்ததும் அவருக்குச் சிரிப்பு. "அக்கா என்ன, சட்டை தைக்கப் போறீங்களோ?"

"ஓம். கை கால் எல்லாம் இருக்கேக்கையே அளவெடுக்க வேணும்" என்றேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்துப் பதில் சொன்னார்.

சின்னச் சில்லுகள் பூட்டின, தாழ்வான, நீட்டுப் பிடி வைத்த ட்ரொலி ஜாக்கி ஒன்றைத் தெரிந்தேன். அகலமான அடி. காருக்குக் கீழே சுகமாகப் போகும். பிறகு மூலையில் கிடந்த, முக்காலி மாதிரியான இரும்பு ஸ்ராண்ட் சோடியைக் காட்டி, இதுவும் வேண்டும் என்றேன்.

இவர் அங்கேயே தொடங்கினார். "ஜாக்கி சரி. கண்டறியாத ஸ்ராண்ட் என்னத்துக்கு? கல் இருக்குதுதானே!"

எனக்குத் தெரிந்த பாசையில்தான் சொல்ல முடியும். துணியைக் குண்டூசி குத்திப் பிடிப்போம். குண்டூசியோடு யாரும் சட்டையைப் போட்டுக்கொண்டு கலியாணத்துக்குப் போவதில்லை. தைக்க வேணும். ஜாக்கி குண்டூசி. ஸ்ராண்ட்தான் தையல். ஜாக்கியால் தூக்கி, ஸ்ராண்டில் இறக்கி விட்டுத்தான் மனிசன் கீழே போகலாம்.

"உந்தப் பேய்க்கதையை வீட்டை போய்க் கதைப்பம்" என்றார்.

"உந்தக் கல்லோட நீங்கள் இருங்கோ. நான் ஜெயபுரத்துக்கு அம்மாட்டைப் போறன்."

கடைக்காரர் கூரையைப் பார்த்தார். இவர் ஸ்ராண்டைப் பார்த்தார். வாங்கினோம்.

செப்ரெம்பர் 25

முற்றத்து மண்ணில் ட்ரொலி ஜாக்கி ஓடாது, புதையும். ஒரு மழை விழுந்தால் எங்கள் மண் கஞ்சி. வளவில் இறுகின தரை ஒன்றே ஒன்றுதான் — நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம். மாமி அதில் செருப்போடு யாரையும் ஏற விடமாட்டா.

"நெல்லுப் போடுற இடத்தில காரை ஏத்தப் போறியளோ? சீதேவி நிண்ட இடத்தில எண்ணெய் ஊத்தப் போறியளோ?"

நான் கெஞ்சினேன். இவர் கெஞ்சவில்லை, காரணம் இவருக்கு முற்றமே போதும். கடைசியில் மாமி தவணை தந்தா. தை மாதத்து அறுவடை வரைக்கும். எண்ணெய் சிந்தினால் சவர்க்காரம் போட்டு நான் கழுவ வேண்டும். நான்!

செப்ரெம்பர் 29

ஜாக்கியைப் பாவிக்கிறார். ஸ்ராண்ட் இரண்டும் பெட்டிக்குள் இருக்கின்றன. கேட்டால், "புதுசு, பழுதாப் போயிடும்."

ஒக்ரோபர் 11

ஆயுத பூசை. காலையிலேயே மாமி எல்லாவற்றையும் கழுவிச் சாமியறையில் அடுக்கினா. மண்வெட்டி, கத்தி, அரிவாள், இவரின் ஸ்பானர், என் கத்தரிக்கோல், ரேப். தையல் மெஷினுக்கு இருந்த இடத்திலேயே மாலை. ஜாக்கிக்கும் ஸ்ராண்டுக்கும் சந்தனம், குங்குமம், செவ்வரத்தம்பூ. பொட்டு வைத்ததும் ஜாக்கி மாமியின் தங்கச்சி மாதிரி இருந்தது. இனி நாளைக் காலைவரை ஒன்றையும் தொடக்கூடாது. வருசத்தில் எனக்கு லீவு கிடைக்கிற ஒரே நாள். சும்மா இருக்கலாம் என்று நினைத்தேன்.

மத்தியானம் போல கணபதி அண்ணை வந்தார். நாளை பேத்திக்கு அரிசியில் எழுதி ஏடு தொடக்க வேணும், விடியக் கோயிலுக்குப் போகக் கார் வேணும் என்றார். இவர் ஓம் என்றுவிட்டார். அவர் போனபிறகுதான் சொல்கிறார், புகைக்குழாய் தொங்குதாம், கம்பி போட்டுக் கட்ட வேணுமாம்.

"ஜாக்கி சாமியறையில எல்லோ?" என்றேன்.

"அதைத் தொட்டால் அம்மா விடமாட்டா. பாப்பம்" என்றார்.

நான் குசினிக்குப் போய்ப் பூசைக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தேன். கல் இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு பாட்டு.

அடுப்பை அப்படியே விட்டிட்டு ஓடினன். முற்றத்தில, அந்தக் கஞ்சி மண்ணில, காரின்ர பழைய சின்ன ஜாக்கி. அதுதான் காருக்குள்ள கிடந்தது, அதுக்கு ஒருத்தரும் பொட்டு வைக்கேல்லை. பக்கத்தில ரெண்டு கல். கீழ ரெண்டு கால். சாரத்தை மடிச்சுக் கட்டின ரெண்டு கால்.

"வெளிய வாங்கோ."

"கம்பி ஒண்டு கட்டுற வேலை. சத்தம் போடாதேயும்."

"வெளிய வாங்கோ எண்டு சொல்லுறன்!"

பாட்டுத்தான் வந்தது.

நான் சாமியறைக்குப் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூவைத் தட்டாமல் எடுக்க முடியாது. ஜாக்கியின் பிடியைப் பிடித்து இழுத்தேன். சின்னச் சில்லெல்லாம் நிலத்தில் கடகடவென்றன.

"பிள்ளை!" மாமி வாசலில் நின்றா. "விசரே உனக்கு? பூசையில வைச்சதை ஆரும் எடுப்பினமோ? சரஸ்வதி குடியிருக்கிறா அதில!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்திலா பயத்திலா தெரியாது. "இருக்கட்டும் மாமி. அவாவும் வரட்டும். வந்து உங்கட மகன் எதுக்குக் கீழ கிடக்கிறார் எண்டு பாக்கட்டும். அண்டைக்கு என்ர தேத்தண்ணிதான் அவரைக் காப்பாத்தினது. இண்டைக்கு நான் வடை சுட்டுக்கொண்டு நிண்டனான், தேத்தண்ணி போடேல்லை."

மாமி முற்றத்தைப் பார்த்தா. கல்லைப் பார்த்தா. தான் நனைத்த கல். இரண்டு காலைப் பார்த்தா. அன்று கார் விழுந்தபோது அவா கோயிலில். இவர் அவாவுக்குச் சொல்லவே இல்லை, நானும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தம்பி" என்று கூப்பிட்டா. சத்தமாக இல்லை. "எழும்பி வா."

வந்தார். அம்மா கூப்பிட்டால் வருவார். அது வேறு கதை.

நான் ஜாக்கியை இழுத்துக்கொண்டு படியிறங்கியபோது பின்னால் மாமியின் குரல். "அந்த முக்காலி ரெண்டையும் விட்டிட்டுப் போறாய். அதுகளையும் கொண்டு போ." ஒன்றைத் தானே தூக்கி வந்தா. குங்குமம் அவா சேலையில்.

காரைத் தளத்துக்கு எடுத்தார். தூக்கினார். ஸ்ராண்டை இரண்டு பக்கமும் வைத்தார். ஆனால் காரை அதன்மேல் வடிவாக இறக்கவில்லை, ஒரு விரல் இடைவெளி விட்டுக் கீழே போனார். நான் "இறக்குங்கோ" என்றேன். "காணும் காணும்" என்றார். பாட்டு.

ஜாக்கியை இறக்குகிற திருகாணியை இவர் வடிவாக இறுக்கியிருக்கவில்லை. மெல்ல மெல்ல அது பதிந்ததை நாங்கள் யாரும் காணவில்லை. பிறகு ஒரேயடியாக — டொக்.

பாட்டு நின்றது.

மாமி என் கையைப் பிடித்தா. இத்தனை வருசத்தில் முதல் தரம்.

கார் ஸ்ராண்டில் நின்றது. அசையவில்லை. பொட்டு வைத்த இரும்பு இரண்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றன. இரண்டு கால் மட்டும் வெளியே. நான் குனிந்து பார்த்தேன்.

"தர்மிளா" என்றார் உள்ளிருந்து. எப்போதும் "இஞ்சேர்" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். "நிக்குதே?"

"நிக்குது."

"ம்." பிறகு, "அந்தக் கம்பியை எடுத்துத் தாரும்."

கட்டி முடித்து வெளியே வந்து கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் கை கழுவினார். மாமி ஜாக்கிக்கும் ஸ்ராண்டுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, திரும்பச் சாமியறையில் வைத்து, புதுப் பொட்டு வைத்துப் பூசையை முதலிலிருந்து செய்தா. இந்த முறை ஸ்ராண்டுக்கு முதல் பொட்டு. வடை கருகிவிட்டது. எல்லாரும் தின்றோம்.

ஒக்ரோபர் 13

மாமி முற்றத்துக் கல் முழுவதையும் பொறுக்கி, கோழிக்கூட்டைச் சுற்றி வேலியாக அடுக்கிவிட்டா. கேட்காமலே. "கோழி பாரமில்லை" என்றா.

நவம்பர் 2

கணபதி அண்ணை வந்து உழவு இயந்திரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கல் நாலு கேட்டார். இவர் கதிரையிலிருந்து எழும்பவே இல்லை. "கல்லோ? கல்லுத் தரமாட்டன் அண்ணை. உங்களுக்கு விசரே?" பிறகு அவருக்குக் குண்டூசி, தையல் என்று ஒரு பெரிய விளக்கம். முழுக்கத் தானே யோசித்துப் பிடித்த மாதிரி. நான் உள்ளே நின்று கேட்டேன். நன்றாகத்தான் சொன்னார்.

நவம்பர் 8

பெருமழைக்கு முந்தி எல்லாரும் துணியோடு வருகிறார்கள். நாலு சட்டை முடித்தேன். இவர் காலையிலிருந்து தளத்தில் காருக்குக் கீழே கிடக்கிறார். மெஷினை நான் நிறுத்தவில்லை. எண்ணெய் போட நிறுத்தினபோதுதான் பாட்டுக் கேட்டது. சகிக்க முடியவில்லை. நிறுத்தச் சொல்லவில்லை.