உள்வாங்காத தண்ணீர்

மாமாவுக்குச் செல்லாயி எழுதுவது. உங்கள் இருமல் விட்டதா? சிதம்பரம் பக்கம் நம்ம பொண்ணு சரண்யா சுகமா? நான் நல்லபடியாகத்தான் இருக்கிறேன், பயப்படாதீர்கள்.

இங்கே நாங்கள் சமைத்துப் போடும் கூலியாட்கள் முகாமுக்கு மேலே, மலைமேல் இருந்த அணை திடீரென்று உடைந்துவிட்டது. "கீழ இன்னொரு அணை கெடக்குதே, அது தாங்கிக்கும்" என்றார் மேஸ்திரி. சுனாமி நம்ம பையனைக் கொண்டுபோன அன்று கடல் முதலில் உள்வாங்கியதே, அதுபோல இதுவும் உள்வாங்கும், அப்புறம் ஓடலாம் என்று கீழ் அணையையே பார்த்து நின்றேன். உள்வாங்கவே இல்லை மாமா. ஏற்கெனவே நிரம்பிக் கிடந்த அணை, வந்த வெள்ளம் மேலே ஏறி வழிந்ததும் கரை அறுந்து அதுவும் போய்விட்டது. "என்னாடி வேடிக்கை பாக்குற!" என்று கூடச் சமைக்கும் அஞ்சலை மேட்டுக்கு இழுத்துப்போனாள்.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது. தண்ணீர் உள்வாங்கினால் ஓடு என்று சரண்யாவுக்கு நான்தான் சொல்லி வைத்தேன். அவள் இருப்பது கொள்ளிடக் கரை, ஆற்றுவெள்ளம் உள்வாங்கிவிட்டு வராது. பார்த்துக்கொண்டு நிற்காமல் ஓடச் சொல்லுங்கள்.