தவறான தொப்பிக்கு ஒரு விசில்

வெர்சாய், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, ஜெர்வே வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று ஒரு வேடிக்கை. அரண்மனைத் தோட்டத்து நீரூற்றுகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விட இங்கே தண்ணீர் போதாது. மன்னர் வருவதைப் பார்த்து நான் விசில் ஊதினால்தான், புதர்வேலிக்குப் பின்னால் பொனிபாஸ் அண்ணன் குழாயைத் திறப்பார். நேற்று இறகுத் தொப்பியும் வாளுமாக ஒருவர் வந்தார். ஊதிவிட்டேன். ஊற்று பொங்கியது. நெருங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, வாளில்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று வாசலில் ஒன்றை வாடகைக்கு வாங்கிக்கொண்டு தோட்டம் பார்க்க வந்த துணி வியாபாரி!

"ஏன்டா, உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு? பாதித் தண்ணி போச்சு. ராஜா வர்றப்ப ஊத்து நின்னா ரெண்டு பேரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்!" என்றார் பொனிபாஸ்.

மன்னர் வந்தபோது வாய் உலர்ந்து, மூன்றாம் முறைதான் விசில் சத்தம் எழுந்தது. அவர் திருப்பத்தில் மறையும்வரை தண்ணீர் தாக்குப்பிடித்தது. மறுகணம் ஊற்று இருமி அடங்கியது.

கவலைப்படாதீர்கள், வேலை இருக்கிறது. அப்பா தூரம் பார்க்கப் போட்ட மூக்குக்கண்ணாடியைக் காலுறைக்குள் சுருட்டி, சீக்கிரம் அனுப்புங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

வியாபாரி வெகு தொலைவில் வந்ததாகத்தான் பொனிபாஸிடம் சொல்லியிருக்கிறேன். இருபதடிகூட இருக்காது, அம்மா.

கூப்பிடுகிறார்கள்.

ஜெர்வே