பல் தெரிந்தது, ரம்பம் நிற்கவில்லை

அனுப்புநர்:
மின்பணிப் பட்டயம் முடித்தவன்,
காயமடைந்த ரம்பப் பணியாளரின் மைத்துனன்,
மரப் பட்டறைக்குப் பின் தெரு.

பெறுநர்:
தொழிற்கூடப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
பாதுகாப்பு ஆய்வு அலுவலகம்.

பொருள்: கதவு, சன்னல் செய்யும் மரப் பட்டறையில் ரம்ப மேஜைக்கு மேல் மாட்டியிருக்கும் எல்.இ.டி. பணி விளக்கை அகற்றுவது, விபத்து அறிக்கையில் உள்ள ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை நீக்குவது, விசாரணையை அந்த ரம்பத்தின் பக்கத்திலேயே நடத்துவது குறித்து.

பார்வை: என் முந்தைய மனுவும், “விளக்கு நன்றாக எரிகிறது” என்று தங்கள் அலுவலகம் தந்த பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

விளக்கு நன்றாக எரிகிறது என்பதை நான் மறுக்கவே இல்லை. எரியாத விளக்காக இருந்திருந்தால் என் அக்கா கணவருக்கு வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிருக்காது. முந்தைய மனுவில் இதைச் சுருக்கமாக எழுதியது போதவில்லை என்று தெரிகிறது. ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். பொறுமை எனக்குக் குறைவுதான், ஆனாலும் நானும் முயல்கிறேன்.

1. என் அக்கா கணவர் அந்தப் பட்டறையில் வட்ட ரம்பம் ஓட்டுகிறவர். ரம்பத்துக்கு மேல் கண்ணாடி பதித்த, தூக்கித் திறக்கும் மூடி ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்தாலும் ரம்பம் உடனே நிற்காது, சுற்றிச் சுற்றி ஓய வேண்டும். அதனால் “பல் எண்ண முடிந்த பின்பே மூடியைத் திற” என்று சுவரில் சிவப்பு வண்ணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓடுகிற ரம்பத்தில் பல் தெரியாது, விளிம்பு ஒரே புகையாகத் தெரியும். பல் தனித்தனியாகத் தெரிந்தால் நின்றுவிட்டது என்று பொருள். பட்டறையில் எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். நல்ல விதிதான், பழைய குண்டு பல்பு தொங்கிய வரைக்கும்.

2. அந்தப் பல்பை எடுத்துவிட்டு, கட்டடப் பணியிடங்களுக்கு வாங்கிய எல்.இ.டி. பணி விளக்குகளில் ஒன்றை மேஜைத் தூணில் காந்தத்தால் ஒட்டினார்கள். கையோடு எடுத்துப் போகலாம், சூடாகாது, கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். சுவர் பூசுகிறவருக்கும் தரை பதிக்கிறவருக்கும் அதைவிட நல்ல விளக்கு கிடையாது. விளக்கு மேல் எனக்குப் பகை இல்லை. அதை ஒட்டிய இடம்தான் தப்பு.

3. மின் இணைப்பில் நேரடியாகச் செருகும் மலிவான எல்.இ.டி. விளக்கு தொடர்ந்து எரிவதில்லை. ஒரு நொடிக்கு நூறு முறை மங்கி மங்கி எரிகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. சுவரைப் பார்க்கும்போது இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சுற்றுகிற ரம்பத்தைப் பார்க்கும்போதுதான் வினை. ரம்பப் பற்கள் எல்லாம் ஒரே அச்சு. விளக்கு மங்கி மறுபடி எரிவதற்குள் ஒரு பல் இருந்த இடத்துக்கு இன்னொரு பல் சரியாக வந்து சேர்ந்தால், அதே பல் அங்கேயே இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். ரம்பம் ஓய்ந்து வரும்போது இப்படிச் சேரும் வேகங்கள் பல உண்டு. ஒவ்வொன்றிலும் ரம்பம் நின்றுவிட்டது போலவே தெரியும். பல்லை எண்ணக்கூட முடியும். குண்டு பல்பின் இழை சூட்டிலேயே இருப்பதால் அதில் இந்த மயக்கம் வருவதில்லை.

4. விபத்து நடந்த பிற்பகல் நல்ல மழை. மரம் நனையாதிருக்க இரும்புக் கதவுகளை இறக்கிவிட்டார்கள். மற்ற நாளில் வாசல் வழியாக வரும் வெயில் அன்று இல்லை, அந்த ஒரு விளக்குதான். பக்கத்தில் மரத்தூள் உறிஞ்சும் எந்திரம் கத்திக்கொண்டிருந்தது. காதடைப்பான் போடாதவரை உள்ளே விடுவதில்லை, ஆகவே ரம்பத்தின் ஓசையைக் கேட்டும் தெரிந்துகொள்ள வழியில்லை. அக்கா கணவர் சுவிட்சை அணைத்தார், காத்திருந்தார், பல்லைப் பார்த்தார், மூடியைத் தூக்கினார், சிக்கியிருந்த மரச் சில்லை எடுக்கக் கை வைத்தார்.

அறிக்கை சொல்வது: “சுவரில் எழுதிய விதியை மீறிய பணியாளரின் கவனக்குறைவு.”

ஐயா, அவர் விதியை மீறவில்லை. விதிப்படி நடந்ததால்தான் வெட்டுப்பட்டார்.

5. மேஜைக்கு எதிரே பசை பூசிக்கொண்டிருந்தவரை நான் தனியாகப் பார்த்துக் கேட்டேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: “நானும் பாத்தேன்பா, பல்லு பல்லா தெரிஞ்சுது. நின்ன ரம்பம் எப்படி வெட்டும்? இதை விசாரிக்க வந்தவங்ககிட்ட சொன்னா, பேய் ஓட்டுச்சான்னு கேட்டுச் சிரிக்க மாட்டாங்களா?” அதனால் வாயைத் திறக்கவில்லையாம். விசாரணையில் அவரை நேராகக் கேட்டால் சொல்வதாக இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்.

6. என் முந்தைய மனுவுக்காகத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். நல்ல வெயில், கதவுகள் திறந்திருந்தன. ரம்பம் ஓடவில்லை. மேஜை மேல் வெளிச்சமானியை வைத்து, “தேவைக்கு மேலேயே இருக்கு” என்று சொல்லிப் போனார். அவர் அளந்தது சரி. ஆனால் வெளிச்சம் எவ்வளவு என்பது என் கேள்வியே இல்லை. பல்வலிக்காரனுக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டுப் போன கதை இது. விளக்குக்கு நேரே கைப்பேசிக் கேமராவைப் பிடித்திருந்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பார். நான் பட்டறைப் பணியாளன் அல்ல என்பதால் மேலாளர் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். “தம்பி, படிச்ச திமிரை உங்க வீட்டுல காட்டு” என்றார்.

7. காட்டினேன். அதே வகை விளக்கை ஒரு கட்டடப் பணியிடத்தில் இரவல் வாங்கி வந்தேன். அட்டையில் பற்களை வெட்டி, மேஜை மின்விசிறியின் இறக்கையைக் கழற்றிவிட்டு அந்த அட்டையைப் பொருத்தினேன். சன்னல்களை மூடி, அந்த விளக்கை மட்டும் எரியவிட்டு, அக்காவையும் அவரையும் உட்கார வைத்தேன். “ஒரு விளக்குக்கு எத்தனை மனுடா போடுவ? முதல்ல என் காத்தாடியைப் பழையபடி மாட்டிக் குடு” என்று அக்கா கேலி செய்துகொண்டிருந்தாள். விசிறியை ஓடவிட்டு அதன் சுவிட்சை அணைத்தேன். அட்டை சுற்றிக்கொண்டே இருந்தது, ஆனால் பற்கள் நின்றன. அக்கா ஒரு தாளை நீட்டினாள். படபடவென்று அடித்துத் தாளைக் கிழித்தது. அதன் பிறகு அவள் கேலி செய்யவில்லை.

8. அக்கா கணவரைப் பற்றி இங்கே எழுதியாக வேண்டும். அறிக்கையைத் தங்கள் அலுவலகம் நம்புவதைவிட அவர் அதிகமாக நம்புகிறார். தன் கண்தான் பிசகிவிட்டது, புத்திதான் தடுமாறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். மிக்ஸியின் கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதன் மூடியைத் திறக்க விடுவதில்லை, “இன்னும் நிக்கல, இரு இரு” என்கிறார். “உங்க பயத்துல நான் சமைச்சு நீங்க சாப்பிட்ட மாதிரிதான்” என்று அக்கா சிரித்தபடி சொல்லிவிட்டு, உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வருகிறாள். சாலையைக் கடக்கும்போது, தூரத்தில் நிற்கிற வண்டியைப் பார்த்தும், அது நிற்கிறதா என்று என்னைக் கேட்கிறார். ரம்பத்தில் நூல் பிடித்தாற்போல் அறுக்கிறவர் ஐயா அவர். விரல் நுனி இல்லாமலும் ரம்பம் ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்கிறார். கண்ணை நம்பாதவர் எதை ஓட்டுவார்?

அட்டை உண்மையிலேயே ஓய்ந்த பின், அதன் பற்களை இடது கை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு, “அப்போ அன்னிக்கு நான் பல்லை எண்ணினது நெசந்தானா, மச்சான்?” என்று கேட்டார். நெசந்தான் என்றேன். தலையாட்டினார். சற்றுக் கழித்து, “என் மனசு தேறணும்னு நீ என்ன வேணா செஞ்சு காட்டுவ. அட்டை அட்டைதான். அந்த ரம்பத்துல காட்டு, நம்பறேன்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதுதான் முறை. சோதனையை அந்த எந்திரத்தில்தான் செய்ய வேண்டும்.

9. வரும் விசாரணையில் ‘கவனக்குறைவு’ என்பதை ஏற்பதாகக் கையெழுத்திட்டால் வாயில் காவல் வேலை தருவதாக நிர்வாகம் சொல்லியிருக்கிறது. ரம்பம் பக்கம் வேண்டாமாம். அவர் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார். வேலைக்காக மட்டும் அல்ல, அதுதான் உண்மை என்று நினைத்துக்கொண்டு போடப் போகிறார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே நான் வேண்டுவது: விசாரணையைத் தங்கள் அறையில் வைக்காமல் பட்டறையில் வையுங்கள். இரும்புக் கதவுகளை இறக்கச் சொல்லுங்கள். அந்த விளக்கு மட்டும் எரியட்டும். மரம் எதுவும் வைக்காமல் ரம்பத்தை ஓடவிட்டு, அணைத்து, மூடியின் கண்ணாடி வழியாகத் தாங்களே பாருங்கள். பக்கத்தில் அவரை நிறுத்துங்கள். யாரும் மூடியைத் தொட வேண்டாம். அதுவரை அந்த விளக்கைக் கழற்றிவிட்டுப் பழைய பல்பை மாட்ட உத்தரவிடுங்கள், ஏனெனில் இப்போது வேறு ஒருவர் அங்கே நின்று பல் எண்ணிக்கொண்டிருக்கிறார். ரம்பத்தின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே ஒரு வெள்ளைக் கோடு தீட்டவும் சொல்லுங்கள். பற்கள் நின்றது போல் காட்டினாலும், ஒற்றைக் கோடு பல கோடுகளாகச் சிதறி, ரம்பம் ஓடுவதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரம்பம் ஓடும்போதே பற்கள் நின்றது போல் தெரியவில்லை என்றால், அவர் கையெழுத்துக்குக் கீழே சாட்சியாக நானும் கையெழுத்திடுகிறேன், இனி இந்த அலுவலகத்துக்கு மனு எழுத மாட்டேன். தெரிந்தால், தங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அறிக்கையில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, “இவர் கண்ணில் பிழை இல்லை” என்று தங்கள் கையால் எழுதி, அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார்.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
மைத்துனன்

இடம்: பட்டறைக்குப் பின் தெரு
நாள்: விசாரணை வாரத்துத் திங்கட்கிழமை