மழையில்லாத நாளில் மஞ்சள் குடை

மார்ச் 3, திங்கள்

என் வீட்டுக்காரர் காரை விற்றுவிட்டாராம்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, பழைய செருப்பைத் தூக்கிப் போட்ட மாதிரி சொல்கிறார்.

"ஊரே புகையா கிடக்கு. நாமளும் அதுல சேரணுமா? நாலு பேரோட பஸ்ல போனா காத்தும் நல்லாருக்கும், மனசுக்கும் நல்லாருக்கும்."

யார் பேசுவது? தெருமுனையில் தீப்பெட்டி வாங்கக்கூடக் காரை எடுத்த மனுஷன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. இவருக்குக் காற்றின்மேல் என்ன திடீர்ப் பாசம்? எனக்கே காதில் பூ சுற்றுகிறார்.

மார்ச் 6, வியாழன்

தையல் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டேன். வெளிச்சத்துக்காக என்று சொல்லியிருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் கேட், தெரு, அந்தப் பக்கம் ரோடு வரைக்கும் தெரியும்.

காலையில் ஒரு கும்பலே சேர்ந்து பஸ்ஸுக்குப் போகிறது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன், ஒரு டீச்சர், கீழ்வீட்டுப் பல் கிளினிக்காரி. கடைசியாகச் சொன்னவள் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். மழை இல்லை, வெயில்கூட இல்லை, பளிச்சென்று ஒரு மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு முன்னால் போகிறாள். இவர் ஒரு எட்டு பின்னால். பார்வை அந்தக் குடையைவிட்டு அசையவில்லை. வீட்டு ஓனர் பக்கத்திலேயே வந்து கையைத் தூக்குகிறார், இவரிடமிருந்து ஒரு வணக்கம்கூட இல்லை. ஓனரைக் கண்டால் எழுந்து நிற்கிற ஆள்!

மார்ச் 7, வெள்ளி

இன்றும் மஞ்சள் குடை. இன்றும் மழை இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

தங்கச்சியிடம் போனில் சொன்னேன். "அந்த வயசு அப்படித்தான்க்கா. சாமானையெல்லாம் ஒரு தடவ பாத்துடு" என்றாள்.

பார்த்தேன். ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் ஒரு குட்டி பாட்டில். லேபிளைக் கிழித்திருக்கிறார். முகர்ந்தால் வாசனையே இல்லை.

"இது என்னங்க?"

"மூக்குல விடற சொட்டு மருந்து. சளி."

சளியாம். சளி பிடித்தால் வீட்டையே ரெண்டாக்குகிறவர், இப்போது ஒரு தும்மல்கூடப் போடாமல் மருந்து விடுகிறாராம். மருந்தை யாராவது சாக்ஸுக்குள் வைப்பார்களா?

மார்ச் 14, வெள்ளி

மாடிப்படியில் வருஷக்கணக்காக பல்பு இல்லை. எத்தனை பேரிடம் சொல்லி வாய் வலித்திருக்கிறது! இன்று எலக்ட்ரீஷியன் தானாக வந்து மாட்டிவிட்டுப் போகிறார். கூலி வேண்டாமாம். "ஒரே பஸ்ல போறோம், இதுகூட செய்யலன்னா எப்படிம்மா?"

கீழே இறங்கினால் கிளினிக்காரி, பிரஷ்ஷும் கையுமாகப் படி விளிம்புக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறாள்.

"யாரும் தடுக்கி விழுந்துடக்கூடாதுல்லக்கா, அதான்."

அக்காவாம்! இவரை மட்டும் 'அண்ணா' என்று நீட்டி முழக்குகிறாள். சும்மா யார் செய்வார்கள் இதையெல்லாம்? என் வாயை அடைக்கத்தான். டீச்சர் உட்படக் கும்பல் மொத்தமும் இதில் கூட்டு.

மார்ச் 18, செவ்வாய்

துணி தைக்கிற ஸ்டூலை இந்தப் பக்கம் போட்டிருந்தேன். நேராக வந்து இடித்துக்கொண்டார். முழங்கால் வீங்கிவிட்டது. தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டேவிட்டேன். "யாரை நெனச்சுக்கிட்டு நடக்கறீங்க?"

"உன்னத்தான்."

அழுகை வந்துவிட்டது. பொய் என்பதாலா? நிஜமாக இருந்துவிடக்கூடாதா என்ற ஆசையாலா? தெரியல. நாளை மறுநாள் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடுவது. கையும் களவுமாகப் பிடித்தால்தான் எனக்குத் தூக்கம்.

மார்ச் 20, வியாழன்

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதிவிடணும்.

பின்னாலேயே போனேன். ரோட்டைக் கடக்கிற இடத்தில் கும்பல் நின்றது. கிளினிக்காரி இவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்தாள். பட்டப்பகலில்! ஊர் பார்க்க! எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஓடிப்போய்க் குடையைப் பிடுங்கி மடக்கினேன். "வெக்கமா இல்ல?" என்று அவளைப் பிடித்துத் தள்ளியும்விட்டேன்.

இவர் அப்படியே நின்றார். அந்தரத்தில் கை. எதிரே எதையோ தேடுகிறார். "நீயா சத்தம் போடறது? எங்க நிக்கற? குடை எங்கே?" என்றபடி ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டார். பக்கவாட்டில் ஒரு லாரி. எலக்ட்ரீஷியன்தான் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், கை நீட்டினால் தொடலாம். இவருக்கு நான் தெரியவில்லை.

நடைபாதையில் உட்காரவைத்துச் சொன்னார்கள். கண் நரம்பு கெட்டுவிட்டதாம். நேரே பார்த்தால் தெரியும், அதுவும் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. பக்கமெல்லாம் போய்விட்டது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் அந்தச் சொட்டு மருந்து. போன மாதம் காரில் வரும்போது கிளினிக்காரியை இடிக்கப் பார்த்திருக்கிறார். திட்டத்தான் அவள் கதவைத் திறந்தாளாம். "வெடவெடன்னு நடுங்கிட்டிருந்தாருக்கா. நாளையிலருந்து எங்ககூட வாங்கண்ணான்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிட்டார்."

அவரைக் கேட்டேன். ஏன்? ஏன் என்கிட்ட சொல்லல?

"நீ பயந்துடுவ. வேலைக்குப் போகாதேம்ப. ஆபீஸ்ல போன் எடுத்துப் பேசற வேலதானே, இந்தக் கண்ணே போதும். போய்ச் சேர்றதுதான் கஷ்டமா இருந்துச்சு. இவங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க."

பஸ்ஸுக்கே தெரிஞ்சிருக்கு. பொண்டாட்டிக்குத் தெரியல. ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கிட்டு நான் என்னத்தப் பாத்தேன்?

மார்ச் 21, வெள்ளி

பேசவில்லை. பேசப் போவதுமில்லை. ஸ்டூலை மட்டும் சுவரோரம் ஒதுக்கிப் போட்டேன்.

மார்ச் 24, திங்கள்

கிளினிக்காரியிடம் குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்பி ஒன்று வளைந்திருந்தது, நிமிர்த்திவைத்தேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. "விடுங்கக்கா, எனக்கும் இப்படித்தான் ஆத்திரம் வந்திருக்கும்" என்று சிரித்தாள். எதற்கு இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள்? கோபமாகத்தான் வருகிறது.

இத்தனை வருஷம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரில் தனியாகப் போய்வந்தாரே. அப்போதே இப்படி ஆகியிருந்தால் தெருவில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

மார்ச் 28, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் நானும் போனேன். மீந்த துணியில் நேற்றே எனக்கொரு மேல்சட்டை தைத்துவைத்திருந்தேன், கண்ணைப் பறிக்கிற மஞ்சள். இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று கண்ணாடி கேட்டது. போட்டுக்கொண்டேன்.

வாசலில் கிளினிக்காரி என்னைப் பார்த்தாள். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். எலக்ட்ரீஷியனும் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எதற்கென்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

நான் முன்னால் நடந்தேன். கேட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்க்கணும்போல இருந்தது. பார்க்கவில்லை. அவர் செருப்புச் சத்தம் ஒரு எட்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.