கட்டைவிரலைப் பற்றிக் கேட்டவன்

என் மேசையில் ஒரு பொன்னாடை கிடக்கிறது. ஜிகினாக் கரை போட்ட மலிவுத் துணி. பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் போட்டும் அந்த நெடி போகவில்லை. நேற்று மாலை மைதானத்திலிருந்து அதை எடுத்து வந்தவன் நான்தான். பார்க்கும்போதெல்லாம் குமட்டுகிறது. துணி என்ன பாவம் செய்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். குமட்டல் நிற்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தால் உன் முகம்தான் வருகிறது. நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது.

நம் தொழிற்சாலை வாலிபால் டீமுக்கு நான் ஸ்கோர் எழுதினேன். டைம் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வேறு என்ன விளையாட்டு வரும்? சர்வ் போடும்போது நீ வலையையும் பார்க்க மாட்டாய், கையையும் பார்க்க மாட்டாய். தலையைத் தூக்கி அனல்மின் நிலையத்துச் சிம்னியைப் பார்ப்பாய். புகை கடல் பக்கம் சாய்கிறதா, ஊர்ப் பக்கம் சாய்கிறதா என்று பார்த்துவிட்டு அடிப்பாய். பந்து எதிராளியின் கைக்கு முன்னால் போய்ச் செத்து விழும். அதை விளங்கிக்கொள்ள நான் படம்கூட வரைந்து பார்த்திருக்கிறேன். நீ சிரித்தாய். "நான் எங்க நைனா அடிக்கிறேன்? பொகைய பாத்துகினு கீறேன். கை அது பாட்டுக்கு அடிச்சிட்டு வருது."

அந்த இறுதி ஆட்டத்தில் ஜெயித்தால் டீமில் இருக்கும் காண்ட்ராக்ட் ஆளை நிரந்தரமாக்குவதாக மேலாளர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். டீமில் காண்ட்ராக்ட் ஆள் நீ ஒருவன்தான். கடைசி செட்டில் ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி, சர்வ் உன் கையில். வெளியே ஓடிய பந்தை எதிர் டீம் கேப்டன், அந்த எர்ணாவூர்க்காரன், தானே எடுத்து வந்து கொடுத்தான். உன் தோளில் கை போட்டு அவ்வளவு அன்பாகக் கேட்டான்.

"தோஸ்து, ஒரு டவுட்டு. அடிக்க சொல்லோ கட்டவெரல உள்ள மடக்குவியா, வெளிய வுடுவியா? என் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கணும், அதான்."

நீ கட்டைவிரலைப் பார்த்தாய். உள்ளே மடக்கினாய், வெளியே நீட்டினாய், மறுபடி மடக்கினாய். தலை சிம்னிப் பக்கம் திரும்பவே இல்லை. பந்து வலையில் போய் விழுந்தது. சர்வ் அவர்களுக்குப் போயிற்று, பின்னாலேயே ஆட்டமும்.

அதைவிட என்னை வதைப்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். குடோன் சுவரில் பந்தை அடித்து அடித்து, விரல் வெளியேதான் நிற்கிறது என்று கண்டுபிடித்தாய். அதைச் சொல்ல எர்ணாவூருக்குச் சைக்கிள் மிதித்தாய். திரும்பி வந்து டீக்கடையில் சொன்னாய்: "அவனுக்குப் புள்ளையே இல்லியாம் நைனா. இன்னும் கண்ணாலமே ஆவல!"

"அண்ணன் பிள்ளையாக இருக்கலாம்" என்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் அதற்குப் பிறகு உன் சர்வ் வலையைத் தாண்டவில்லை. எப்போது பந்தை எடுத்தாலும் கண் விரலுக்குப் போய்விடும். காண்ட்ராக்ட் ஆளாகவே கிழவனானாய்.

நேற்று பிள்ளைகளின் கோடை முகாம் நிறைவு விழா. சிறப்பு விருந்தினர் அந்த எர்ணாவூர்க்காரன்தான். பழைய ஸ்கோரர் என்று பொன்னாடை போர்த்த என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். யார் விருந்தினர் என்று மேடையில்தான் தெரிந்தது. அவன் மைக்கைப் பிடித்து மன உறுதியைப் பற்றிப் பேசினான்.

"கையால ஜெயிக்கணும்னு இல்லபா. ஒரே ஒரு கேள்வி போதும். கட்டவெரல பத்திக் கேட்டேன், ஆளு காலி! அத்தோட வுட்டானா? பதில் சொல்றேன்னு சைக்கிள் மிதிச்சுகினு வூட்டாண்டயே வந்துட்டான்!"

மைதானமே சிரித்தது. கோச் விசில் அடித்தார். பத்து வயதுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். என் உதடும், பெரிய மனிதர் சிரித்தால் சிரித்துப் பழகிய பழக்கத்தில், கொஞ்சம் விரிந்தது. அப்போதுதான் முதல் குமட்டல்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். துணியைப் பிரித்தேன். எந்த முனை எந்தத் தோளுக்கு என்று கையையே பார்த்தேன். துணி கைக்குப் பிடிபடவில்லை. தலையைத் தூக்கினேன். நம் பழைய சிம்னி இப்போது இல்லை. வள்ளூர்ப் பக்கம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. புகை கடல் பக்கம் சாய்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி குனிந்தபோது துணி மடிந்து என் அக்குளில் இருந்தது. நான் மேடைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"யோவ் பெர்சு, சால்வைய இன்னாத்துக்கு சுட்டுகினு போறே?" என்று யாரோ ஒருவன் கத்தினான். அதற்கும் சிரித்தார்கள்.

நான் செய்தது எதிர்ப்பா, வழக்கம்போல ஓட்டமா? எனக்குத் தெரியவில்லை. இதைக் கேட்டுக்கொள்ளும்போதே கண் பேனா பிடித்த விரலுக்குப் போய்விடுகிறது, எழுத்து கோணுகிறது. ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன். காற்று மாறிவிட்டது, புகை ஊர்ப் பக்கம் வருகிறது. எழுத்து நேராக விழுகிறது.