இரண்டு மணி நேரத்தில் கேஸ் வந்துவிடும்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்கத்தான் ஆசை, ஆனால் நீ வீட்டுக்கு போன் பண்ணி மூன்று மாதம் ஆகிறது, நானும் பண்ணவில்லை. தினம் காலை ஏழு மணிக்கு ஆபீஸ் போனில் உன் குரலைக் கேட்டுத்தான் தூங்கினாயா, தொண்டை கட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறேன். போன வாரம் இருமினாய், வெந்நீர் குடி.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான். இந்தக் குளிருக்கு வீட்டுக் கேஸ் நான்கு தடவை நின்றதில் மனுஷருக்குக் கோபம் வந்து, விறகு வாங்கி பால்கனி முழுக்க அடுக்கிவிட்டார், இதை எரிக்க நம் வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், அதை அப்புறம் பாத்துக்கலாம் என்கிறார். துணியை நான் விறகின் மேல்தான் காயப்போடுகிறேன். கடைசியில் கரண்ட் அடுப்பு ஒன்று வாங்கினோம், பாத்திரம் இல்லாமல் ஏன் சுடமாட்டேன் என்கிறது என்று தினம் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறார், என்றைக்குச் சுட்டுக்கொள்ளப் போகிறாரோ.

சரி, இனி மென்று முழுங்காமல் சொல்லிவிடுகிறேன். நமக்குக் குழாயில் கேஸ் அனுப்புகிற அந்த நாட்டுக் கம்பெனியில் நீ சேர்ந்து, நம் பாஷை தெரியும் என்பதால் நம் பக்கத்து போனுக்கே உன்னை உட்காரவைத்தார்களே, அந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? பேசுவதெல்லாம் பதிவாகும், உறவு தெரிந்தால் வேலை போய்விடும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தாய், அதனால் நீ சொல்லுங்க மேடம் என்றாய், நானும் கண்ணாடி ஆலை சூப்பர்வைசராகக் குரலை விறைப்பாக வைத்துக்கொண்டு இன்னிக்கு அழுத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, ஸ்டோர் ரூமுக்குள் போய் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆறு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. அந்தக் குரலே எனக்கு வினையாகும் என்று கண்டேனா?

மூன்று மாதத்துக்கு முன்னால் அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு கேஸ் மானியின் முள் கடகடவென்று இறங்கியது. பெரிய உலை நிறைய மருந்துப் பாட்டிலுக்கு உருகிய கண்ணாடி. கேஸ் நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் அடிவாயைத் திறந்து கண்ணாடியை வடித்துவிட வேண்டும், உருக்கிய உழைப்பு வீணாகும், உலை பிழைக்கும். அதற்குமேல் தாமதித்தால் கண்ணாடி வடியாது, மூன்று மணி நேரத்துக்குள் கேஸ் திரும்பி வராவிட்டால் இறுகி உலையையே உடைத்துவிடும். உலைக் கொத்தனார் கடப்பாரையோடு நின்று, தொறந்துடலாமாக்கா என்று இரண்டு தடவை கேட்டார். நான் போனை எடுத்தேன். ரெண்டு மணி நேரத்துல வந்துடும் மேடம் என்று நீ சொன்னாய். அந்தக் கம்பெனி இதே வார்த்தையை எத்தனை தடவை சொல்லி ஏமாற்றியிருக்கிறது, வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன். கடப்பாரையைக் கீழே வைக்கச் சொன்னேன். கேஸ் வந்தது மூன்றாம் நாள். அதற்குள் செங்கல் வரிசை வரிசையாகப் பிளந்துவிட்டது, முப்பத்தெட்டுப் பேர் வேலை இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள், கொத்தனார் தன் கையால் கட்டிய சுவரைத் தடவிக்கொண்டே அழுதார். அந்த மூன்றாம் நாள் மாலை வீட்டிலிருந்து உனக்கு போன் பண்ணினேன். அப்படித்தான் சொல்லணும்னு எழுதிக் குடுத்திருந்தாங்கம்மா என்றாய், நான் போனை வைத்துவிட்டேன். கோபம்தான் சின்னக்குட்டி, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதைவிட என் மேலேயே அதிகம். சூப்பர்வைசராகக் கேட்டிருந்தால் அடிவாயைத் திறந்திருப்பேன், அம்மாவாகக் கேட்டுத் தொலைத்தேன்.

அப்புறம் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, பெரிய உலையைக் கரண்டில் ஓடுகிற மாதிரி கட்டிவிடலாமா என்று கேட்டார். கரண்டு மட்டும் போகாதா என்று ஃபிட்டர் கேட்க, நம்ம காத்தாலைக் கரண்டு நின்னா நம்ம ஆளு வீட்டுக் கதவைத் தட்டித் திட்டலாம், அவங்க குழாயை மூடினா யார் கதவைத் தட்டுறது என்று கொத்தனார் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். உடனே பின்னாலிருந்து ஒருத்தன், நீ அன்னிக்கே தொறந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதே என்று அவர் மேலேயே பழியைப் போட்டான். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, அவரு கேட்டாரு, நான்தான் தடுத்தேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் புத்தி கெட்டுப்போச்சு என்று மட்டும் சொன்னேன். கை தூக்கச் சொன்னபோது கரண்டுக்கு முதல் கை என்னுடையது. தூக்கின பிறகுதான் உறைத்தது, குழாய் போனால் அந்த ஏழு மணி போனும் போய்விடும். ஆனாலும் கையை இறக்கவில்லை.

புது உலை கட்டி முடிந்தது, எண்ணெய் பர்னர் வைத்து மெள்ளச் சூடேற்றுகிறார்கள், இன்னும் பதினொரு நாள். அதுவரை, அன்றைக்குக் காலியாக இருந்ததால் தப்பித்த சின்ன உலைதான் மிச்சப் பேருக்கெல்லாம் சோறு போடுகிறது, அது உங்கள் கேஸில்தான் எரிகிறது. நாலு நாளாக நீ சொல்லுகிற அழுத்தம் ஒன்று, எங்கள் மானி காட்டுவது ஒன்று, நீ நாலு என்கிறாய், இங்கே மூன்றுதான் இருக்கிறது. மறுபடி மூடப் பார்க்கிறார்களோ என்று நாளுக்குப் பத்துத் தடவை மானியைப் போய்ப் பார்க்கிறேன். இந்த உலையும் போனால் நான் யார் முகத்தில் விழிப்பேன்?

உன்னைப் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிற நாளில் எப்போதும்போல் மேடம் என்று சொல். மூடப் போகிறார்கள் என்று தெரிந்தால், எழுதிக் கொடுத்ததை எழுத்து மாறாமல் வாசி, அந்த மேடத்தை மட்டும் விட்டுவிடு. நான் ஒரு கேள்வி கேட்கமாட்டேன், போனை வைத்துவிட்டு நேரே போய் அடிவாயைத் திறக்கச் சொல்லுவேன். அதற்கும் பயமாக இருந்தால் அன்றைக்கு லீவு போட்டுவிடு, வேறு ஆள் குரல் கேட்டால் நான் எப்படியும் நம்பப் போவதில்லை. உன் வேலைக்கு ஆபத்து என்றால் இதுவும் வேண்டாம், உலையைவிட நீதான் எனக்குப் பெரிது, இதை நான் அன்றைக்கே போனில் சொல்லியிருக்க வேண்டும்.

தபாலில் போட மனம் வராமல் பாட்டில் லாரி ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் மறக்காமல் கிழித்துப் போடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். அப்பா உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று சொல்லச் சொன்னார், சொல்லும்போது கண் கலங்கிவிட்டார், அதை எழுதாதே என்றும் சொன்னார். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நன்றாக இருங்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு நான் கூப்பிடமாட்டேன், புது உலை ஓடும், சின்ன உலையை நிறுத்தி எங்கள் ஆட்களே கேஸ் குழாயை அடைத்திருப்பார்கள். லீவு சொல்லிவிட்டு வீட்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிடு. பழக்கதோஷத்தில் மேடம் என்று வந்துவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிடு.

உன்
அம்மா